நடுப்பெட்டி

டார்ட்மவுத், நோவா ஸ்கோஷா
12 செப்டம்பர் 1993

மாப்பிள்ளை ஒரெஸ்டுக்கு டங்கன் எழுதுவது.

நானும் லோர்னாவும் சுகம். என் முதுகு மட்டும், துறைமுகத்தில் மூடுபனி இறங்கும் நாட்களில், தான் இருப்பதை நினைவூட்டுகிறது. உன் முழங்கால் தேவலையா? மோராக்குக்கு ரத்த அழுத்தம் குறைந்ததா? உப்பைக் குறைக்கச் சொன்னால் என் தங்கை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா போடும் ஊறுகாய்மேல் பழியைப் போடுவாள்.

ஷோனா கால்கரி வந்து சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. நான் அப்போது படகுத்துறையில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும், "என்னைக் கேட்டாளா?" என்றேன். "கேட்டா, கேட்டா," என்றாள் லோர்னா, சட்டியைக் கிளறிக்கொண்டே. லோர்னா ஒன்றை இரண்டு முறை சொன்னால் அது நடக்கவில்லை என்று அர்த்தம்.

நாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே கூடாரத்தில் கொசுக்கடி பட்டவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். முதலில் என் தங்கையைக் கொண்டுபோனாய். இப்போது மகள். இந்த வீட்டில் மிச்சம் இருப்பது லோர்னாவும் ஒரு பூனையும்தான். பூனையைத் தருவதாக இல்லை.

விளையாட்டு இருக்கட்டும். என் ஆய்வகத்தில் ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேசை ஒழித்து வைத்திருந்தேன். முனைவர் பட்டத்தை இங்கேயே செய்திருக்கலாம். "அப்பா இருக்கற டிபார்ட்மெண்ட்ல படிச்சா நான் எப்பவும் டங்கன் பொண்ணுதான்," என்றாள். அங்கே போனால் ஒரெஸ்டின் மருமகள் ஆகிவிடமாட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அவளுக்கு வழிகாட்டி வேறொரு பேராசிரியை, நீ இல்லை என்கிறார்கள். ஆனால் பாறையைக் கரைத்து அளக்கும் கருவி உன்னுடையது. அவள் தூங்குவது உன் வீட்டு மாடியறையில், சாப்பிடுவது மோராக் கையால். எந்தப் பழங்கடலை ஆராயப்போகிறாள் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருப்பாள். எழுது.

உன் மச்சான்
டங்கன்


கால்கரி
3 அக்டோபர் 1993

மச்சானுக்கு,

உன் கடிதத்தை மோராக்குக்கு வாசித்துக் காட்டினேன். ஊறுகாய் வரி வந்தபோது உன்னை விட்டுவிட்டு என்னை முறைத்தாள். எல்லாரும் சுகம். முழங்கால் மலையேற மறுக்கிறது, மற்றபடி சொன்னபடி கேட்கிறது. போனில் நீ வானிலைக்கு மேல் ஒன்றும் பேசமாட்டாய் என்பதால் நானும் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஷோனா எடுத்திருப்பது நம் கூப்பர் பள்ளத்தை. ஜாஸ்பருக்கு வடக்கே, கரடி வந்து நம் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போன அதே பள்ளம். கீழே பவளத்திட்டு, மேலே கறுப்புக் களிப்பாறை, நடுவில் முப்பத்தேழு கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் உயிர்களில் பெரும்பகுதி செத்துப்போன கோடு. கடல் பின்வாங்கி, திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன என்று நீ எழுபத்தெட்டில் எழுதினாய். இன்றும் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். வற்றியதா, மூச்சுமுட்டியதா என்று இவள் பார்க்கப்போகிறாள்.

நேற்று அடுக்களையில் மோராக்குக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "அத்தை, கடல் தண்ணியில மாலிப்டினம்னு ஒரு உலோகம் கரைஞ்சிருக்கு. தண்ணியில ஆக்சிஜன் இருக்கறவரைக்கும் அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டிருக்கும். ஆக்சிஜன் தீந்துச்சுன்னா சேத்துல போய் ஒட்டிக்கும். சேறு பாறையாயிடும். அந்தப் பாறையைக் கரைச்சு எவ்வளவு இருக்குன்னு அளந்தா, அன்னைக்குக் கடலுக்கு மூச்சு இருந்துச்சா இல்லையான்னு சொல்லிடலாம்."

மோராக் மாவு பிசைவதை நிறுத்தினாள். "அப்ப உங்கப்பா சொன்னது?"

"அப்பா தப்புன்னு சொல்ல வரலை அத்தை. அப்பா காலத்துல இதை அளக்க மெஷின் இல்லை. அவ்வளவுதான்."

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். பள்ளத்தில் வெளியே தெரியும் களிப்பாறை மழையிலும் காற்றிலும் மக்கிப்போயிருக்கிறது. அதிலிருந்த மாலிப்டினம் எப்போதோ கழுவிப்போயிருக்கும். அறுபத்தெட்டில் நீ வேலை பார்த்த எண்ணெய்க் கம்பெனி அந்தப் பள்ளத்துக்குப் பின்னால் துளைபோட்டு எடுத்த பாறைத்தண்டுகளைத் தூக்கிப்போடப் பார்த்தபோது, நீ மூன்று பெட்டிகளைக் காப்பாற்றிக் கிழக்கே கொண்டுபோனாயே. முதல் பெட்டியில் பவளம், கடைசிப் பெட்டியில் களிப்பாறை, நடுப்பெட்டியில் அந்தக் கோடு. மக்காத பாறை என்று நமக்குத் தெரிந்து இருப்பது அது ஒன்றுதான். மூன்றையும் அனுப்பிவை. நேரே கேட்கத் தயங்கி என்னைக் கேட்கச் சொன்னாள்.

லோர்னா அக்காவுக்கு எங்கள் அன்பு. பூனைக்கும்.

ஒரெஸ்ட்


டார்ட்மவுத்
28 நவம்பர் 1993

மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகம். உங்கள் பக்கம் இப்போதே பனி கொட்டிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். ஷோனாவின் பழைய கோட் அந்தக் குளிரைத் தாங்காது. நான் சொன்னால் வாங்கமாட்டாள், நீ சொல்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். தேர்வுத்தாள்கள். பெட்டிகள் கீழ்த்தளத்தில் கொதிகலனுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கின்றன. அவற்றின்மேல் லோர்னாவின் தையல் இயந்திரமும், ஷோனாவின் பனிச்சறுக்குக் கட்டைகளும், இன்னும் என்னென்னவோ. இந்த முதுகை வைத்துக்கொண்டு இப்போதைக்கு ஆகாது. பார்க்கலாம்.

மெஷின் இல்லை என்று சொன்னாளாமே. கண் இருந்தது. பவளத்திட்டின் உச்சியில் சேறு காய்ந்து வெடித்த தடங்கள் இருக்கின்றன. கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெடிப்புக்கு மாலிப்டினம் என்ன பதில் சொல்லும் என்று அவளைக் கேள். என் கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை படிக்கவும் சொல். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் இப்போது அதிகம்.

அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதுகிறாள். கடைசியில் ஓரமாக எனக்கு ஒரு வரி. நேற்று லோர்னா கடைக்குப் போனபோது அந்த நாலு பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். மாமா சிரிக்கவைத்தார், மாமா ஆய்வகச் சாவியே கொடுத்துவிட்டார், மாமா சொல்வது மாதிரி. அப்பா சொல்வது மாதிரி என்று அவள் யாருக்காவது எப்போதாவது எழுதியிருப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கெட்டவனாக நினைக்காதே. கிறிஸ்துமஸுக்கு வருவாளில்லையா, நேரிலேயே பேசிக்கொள்கிறேன்.

டங்கன்


கால்கரி
16 ஜனவரி 1994

மச்சானுக்கு,

புதுவருஷ வாழ்த்து கொஞ்சம் பிந்தி வருகிறது. எங்கள் உக்ரேனியக் கிறிஸ்துமஸ் ஜனவரியில்தான் என்று உனக்குத் தெரியும். வெக்ரவில்லில் அம்மா வீட்டில் எல்லாரும் கூடினோம். அம்மா வழக்கம்போல் பன்னிரண்டு பதார்த்தம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று நின்றாள். ஷோனா பன்னிரண்டையும் இரண்டாவது சுற்று சாப்பிட்டாள். அம்மாவுக்கு அவள்மேல் ஒரே பிரியம். மோராக் தன் நீலக் கோட்டை அவளுக்குப் போட்டு அனுப்பினாள், அளவெடுத்தது போல் இருந்தது.

டிசம்பரில் அவளை ஊருக்குப் போகத்தான் சொன்னேன் மச்சான். "மெஷின் எனக்கு அந்த ரெண்டு வாரம்தான் காலியா கிடைக்கும் மாமா," என்றுவிட்டாள். பள்ளத்திலிருந்து கொண்டுவந்த பாறையை அந்த இரண்டு வாரமும் அளந்தாள். பயந்தது போலவே ஆயிற்று. எண்கள் தாறுமாறாக இருக்கின்றன. கடலைப் பற்றிச் சொல்கின்றனவா, போன வருஷத்து மழையைப் பற்றிச் சொல்கின்றனவா என்றே தெரியவில்லை.

பெட்டிகளை எடுக்க முடிந்ததா? பக்கத்து வீட்டுப் பையன்கள் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளேன். "அப்பா தரமாட்டார் மாமா. கேட்டுப் பாருங்க, முதுகுவலிம்பார்," என்று சிரித்தாள். நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவளுடைய வழிகாட்டி வசந்தத்துக்குள் நல்ல பாறை கிடைக்காவிட்டால் தலைப்பையே மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். என் வேண்டுதலாக எடுத்துக்கொள்.

ஒரெஸ்ட்


டார்ட்மவுத்
2 பிப்ரவரி 1994

ஒரெஸ்டுக்கு,

கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு பதார்த்தமும் ஜீரணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நாங்கள் டிசம்பர் இருபத்தைந்தில் இரண்டு பேராக உட்கார்ந்து ஒரு வான்கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே அவள் நாற்காலி. லோர்னா பழக்கதோஷத்தில் மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்தாள். அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லிப் பயனில்லை. அடுத்தவன் பெற்று வளர்த்த பிள்ளைக்கு உன் மனைவியின் கோட்டைப் போட்டு, உன் அம்மா வீட்டில் பண்டிகை கொண்டாடுகிறவனுக்கு அது எங்கிருந்து புரியும்? உங்களுக்கு அமையாததை இங்கிருந்து எடுத்துக்கொள்ள நான் ஒப்புக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டங்கன்


கால்கரி
17 ஏப்ரல் 1994

அண்ணனுக்கு மோராக் எழுதுவது.

எனக்கு ரத்த அழுத்தம் ஒரே நிலையில் இருக்கிறது. அவருக்கும் சுகம்தான். உன்னுடைய பிப்ரவரிக் கடிதத்தை அவர் வழக்கம்போல் எனக்கு வாசிக்க ஆரம்பித்தார். வான்கோழிவரை வாசித்தார். அப்புறம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மிச்சம் வானிலைதான்," என்றார். மச்சானுக்குப் பதில் போடாமல் இரண்டு மாதம் இருக்கிற மனுஷன் இல்லை அவர். போன வாரம் நானே அந்தச் சட்டையைத் தேடி எடுத்தேன்.

உன்மேல் கோபமாக எழுதவேண்டும் என்று தினமும் உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த மாடியறையை எதற்காகக் கட்டினோம் என்று உனக்குத் தெரியும். நீ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சுவருக்கு மஞ்சள் சாயம் அடித்தாய். இரண்டாவது தடவையும் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, அவர் அந்தக் கதவைச் சாத்தினார். அதைத் திறந்தது ஷோனா வந்த அன்றைக்குத்தான். உனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தும் எழுதினாய் பார், அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

இப்போது அந்த அறை மறுபடியும் காலி. அவர் ஷோனாவைக் கூப்பிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே அறை பார்த்துக்கொண்டால் அவளுக்கு வசதி என்று சொன்னார். முழங்காலை வைத்துக்கொண்டு அவளுடைய பெட்டி படுக்கையை அவரே மூன்றாவது மாடிக்குச் சுமந்தார். "நான் என்ன தப்பு பண்ணேன் அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை.

டங்கன், அந்தப் பாறைப் பெட்டிகளை அனுப்பிவிடு. நீ எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அதில் உனக்கு ஒரு பயம் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்கு மாலிப்டினம் தெரியாது, உன்னைத் தெரியும்.

அண்ணியின் கை வீக்கம் குறைந்ததா? குளிர்காலத்தில் கையுறை இல்லாமல் துணி காயப்போட வேண்டாம் என்று சொல்.

தங்கை
மோராக்


டார்ட்மவுத்
8 மே 1994

அன்பு மோராக்குக்கும் மாப்பிள்ளைக்கும்,

அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக்கூடாது. அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை. ஒரெஸ்ட், கிழித்துப் போட்டுவிடு. ஷோனா மறுபடி உங்கள் வீட்டுக்கே வரட்டும். இதை நான் சொன்னதாகச் சொல்.

பெட்டிகளை லாரியில் போட்டுவிட்டேன். பவளமும் களிப்பாறையும், இரண்டு பெட்டிகள். உடையாமல் இருக்கப் பழைய போர்வைகளைச் சுற்றியிருக்கிறேன். நடுப்பெட்டி மட்டும் அகப்படவில்லை. எண்பத்தொன்றில் வீடு மாறியபோது எங்கோ தவறியிருக்க வேண்டும். கீழ்த்தளம் முழுக்கத் தேடிப் பார்த்தாயிற்று. ஷோனா மார்ச்சில் போன் செய்து கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். அவளிடம் என் வருத்தத்தைச் சொல். இருப்பதை வைத்து ஏதாவது செய்துகொள்வாள், கெட்டிக்காரி.

லோர்னாவுக்குக் கை வீக்கம் வற்றிவிட்டது. சாயங்காலமும் நான் ஆய்வகத்தில் இருக்கிறேன் என்று குறைப்படுகிறாள். எங்கள் துறையிலும் புதுக்கருவி வந்திருக்கிறது. வயசான காலத்தில் அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஆப்பிள் மரங்கள் பூக்க ஆரம்பித்துவிட்டன.

டங்கன்


கால்கரி
10 ஜூலை 1994

மச்சானுக்கு,

பெட்டிகள் பத்திரமாக வந்தன. நன்றி. உன் மே மாதக் கடிதத்துக்கும். ஷோனா வீட்டுக்குத் திரும்ப வரவில்லை, தன் அறையே பழகிவிட்டது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறாள்.

இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பவளமும் களிப்பாறையும் இருக்கின்றன, நடுவில் அந்தக் கோடு இல்லை. தலைப்பை மாற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஜூன் கடைசியில் இன்னொரு மாணவியோடு கூப்பர் பள்ளத்துக்குப் போனாள். மக்காத பாறை வேண்டுமென்றால் செங்குத்துச் சரிவின் நடுவில் ஆழமாகக் குடைய வேண்டும். கயிற்றில் இறங்கினாள். மழைக்கு மறுநாள். மேலிருந்து ஒரு பலகைக் கல் பெயர்ந்து தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது. தலையில் விழுந்திருந்தால் என்று நான் யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். கூட இருந்த பெண் அவளை இழுத்து மேலே ஏற்றி, ஹின்டன் ஆஸ்பத்திரிக்குக் காரில் ஓட்டிக்கொண்டு போனாள். ஆபத்து ஒன்றும் இல்லை. கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மோராக் தினமும் போய்த் தலை வாரிவிடுகிறாள்.

"வீட்டுக்குச் சொல்லாதீங்க மாமா. அம்மா பயப்படுவா. அப்பா, சொன்னேனே கேட்டியாம்பார்," என்றாள். ஆனாலும் நீ தகப்பன். உனக்குத் தெரிய வேண்டும். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதை உன்னிடம் விடுகிறேன்.

நடுப்பெட்டியை இன்னொரு முறை தேடிப் பார்க்கிறாயா?

ஒரெஸ்ட்


கால்கரி
21 ஆகஸ்ட் 1994

டங்கனுக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். ஜூலைக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

வியாழக்கிழமை ஓர் ஆய்விதழிலிருந்து எனக்கு ஒரு கட்டுரை வந்தது. படித்து மதிப்பிட்டுச் சொல்லும்படி. கூப்பர் பள்ளத்துப் பாறைத்தண்டு, அறுபத்தெட்டில் எடுத்தது, அழிவுக்கோடு இருக்கும் பகுதி, மாலிப்டினம். கட்டுரையாளர் பெயரைப் பார்த்தேன். அனுப்பிய தேதி ஜூன் முதல் வாரம்.

நான் மைத்துனன், மதிப்பிட முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்குமுன் படித்தேன். படித்திருக்கக்கூடாது, ஆனால் படித்தேன். நல்ல கட்டுரை. உன்னுடையதிலேயே நல்லது என்றுகூடச் சொல்வேன். கடல் வற்றவில்லை, மூச்சுமுட்டித்தான் செத்தது என்கிறாய். எழுபத்தெட்டில் நீ எழுதியது தவறு என்று முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்கிறாய். நம் தொழிலில் அதைச் செய்த ஆள் எத்தனை பேர்? உலகத்துக்கே சொல்லத் துணிந்ததை ஒரு பெண்ணிடம் சொல்ல முடியாமல் போயிற்றே உனக்கு.

என்னைப் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் காட்டியிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன், பழக்கம்தான். அவள் இல்லாத பாறையைத் தேடிக் கயிற்றில் தொங்கியபோது, அந்தப் பாறை உன் ஆய்வக மேசையில் அறுபட்டுக் கிடந்தது.

ஷோனாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. அது என் வேலை இல்லை.

ஒரெஸ்ட்


டார்ட்மவுத்
4 செப்டம்பர் 1994

அன்பு மோராக்குக்கு லோர்னா எழுதுவது.

நீயும் ஒரெஸ்டும் சுகமா என்று கேட்கும் நிலையில்கூட இன்று நான் இல்லை. சுகமாக இருங்கள்.

உன் புருஷனுடைய கடிதத்தை உன் அண்ணன் அடுக்களையில் நின்றபடி படித்தார். மடித்தார். "மாப்பிள்ளைகிட்ட இருந்து. எல்லாரும் சௌக்கியமாம்," என்றார். அப்புறம் பூனைக்குச் சோறு வைத்தார். அது ஏற்கனவே சாப்பிட்டுவிட்டது என்றேன். கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போனார். நான் படிக்கட்டும் என்றுதான் விட்டுப்போனார் என்று இப்போது நினைக்கிறேன். வாயால் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு.

படித்துவிட்டு இறங்கிப் போனேன். கொதிகலன் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.

"கயித்துல தொங்கினாளா? எதுக்கு? என்ன ஆச்சு அவளுக்கு?" என்றேன்.

"தோள்கிட்ட எலும்பு. இப்ப சரியாயிடுச்சு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஜூலைல."

ஜூலையிலிருந்து என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார், மோராக். என் பெண்ணுக்கு எலும்பு முறிந்தது தெரியாமல் நான் அவளுக்கு ஜாம் செய்து பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளால் மூடியைத் திறந்திருக்கக்கூட முடியாது.

ஏன் செய்தாய் என்று கேட்டேன்.

"அவ கண்டுபிடிச்சா, அது ஒரெஸ்ட் வீட்ல கண்டுபிடிச்சதா ஆகும். நான் தப்புன்னா, நானே சொல்லிக்கறேன். அங்கிருந்து வந்து சொல்ல வேண்டாம்னு நினைச்சேன்."

"வந்து சொல்றது உன் மக."

"இங்க இருந்தவரைக்கும்."

எனக்கு அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. மறுநாள் அவரே அந்த ஆய்விதழுக்குப் போன் செய்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நடுப்பெட்டியை லாரியில் போடுகிறேன் என்றார். "லாரில போட்டா அவ உன் மூஞ்சியைப் பாக்க வேண்டாம், நீயும் அவ மூஞ்சியைப் பாக்க வேண்டாம். நீயே கொண்டு போ," என்றேன். விமானத்தில் அந்தக் கனத்தை ஏற்றமாட்டார்களாம். இன்று காலை காரில் கிளம்பினார். பெட்டியை முன் இருக்கையில் வைத்துப் பட்டையால் கட்டியிருக்கிறார்.

நான் கூடப் போகவில்லை. பாதி வழியில் மனம் மாறித் திரும்பி வந்தால் கதவைத் திறக்காமல் இருக்க இங்கே ஒரு ஆள் வேண்டும்.

முதுகுக்குக் கெட்டி மெத்தையாகக் கொடு. வேறு எந்த உபசாரமும் வேண்டாம்.

அண்ணி
லோர்னா


கால்கரி
25 செப்டம்பர் 1994

மதிப்புக்குரிய லோர்னா அக்காவுக்கு,

நாங்கள் நலம். மச்சான் நலம். ஷோனாவின் தோள் நன்றாக இருக்கிறது, கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். போனில் நீங்களும் அவளும் பேசியிருப்பீர்கள். மச்சான் அவர் வாயால் சொல்லமாட்டார் என்பதால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வந்து சேர்ந்தார். மோராக் கோஸ் சுருட்டல் செய்து இறக்கிவைத்திருந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. மோராக் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கையைக் கழுவிட்டு வா," என்றாள். வேறு வரவேற்பு இல்லை.

ஷோனா மேசையில் இருந்தாள். அவர் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நான் எழுந்து போகப் பார்த்தேன், "நீயும் இரு," என்றார். ஷோனா முள்கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"எப்ப வெட்டினீங்க?"

"மார்ச்ல."

"மார்ச்ல நான் போன் பண்ணேன். பெட்டி இருக்கான்னு கேட்டேன்."

"ஆமா."

"அப்ப வெட்டியாச்சா?"

"வெட்டிட்டிருந்தேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டேன். எல்லாம் உனக்குத்தான்," என்றார் மச்சான். அப்போதுதான் ஷோனாவுக்கு முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டு வாங்கினீங்க? நான் சின்னப் பொண்ணு, பாவம்னு விட்டுக்கொடுக்கறீங்களா? எனக்கு வேண்டியது பாறை. நீங்க விட்டுக்கொடுத்த கட்டுரை இல்லை."

தட்டைத் தள்ளிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தோளுக்கு ஆகாது என்று மோராக் பின்னாலேயே ஓடினாள். மச்சான் அப்புறம்தான் உட்கார்ந்தார். சாப்பிட்டார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் அவர் ஆய்வகத்துக்கு வந்து நடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஷோனா கண்டுகொள்ளவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தார். பிற்பகலில் அவள் கதவைத் திறந்து, நடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்தச் சாம்பல் பட்டையை ஏன் வெட்டலை?" என்றாள்.

"எந்தப் பட்டை?"

"ரெண்டு கறுப்புக்கு நடுவுல. விரல் அகலம். பாக்கக்கூட இல்லையா?"

"அதுல என்ன இருக்கப்போவுது?"

"அதான் உங்க வியாதி. என்ன இருக்கும்னு முடிவு பண்ணிட்டுத்தான் பாப்பீங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். அதிலிருந்து ஒரு வாரம் இருவரும் அந்த விரலகலப் பட்டையைச் சீவிச் சீவிக் கரைத்தார்கள். அதில் மாலிப்டினம் ஏறக்குறைய இல்லை. அதாவது கடல் ஒருமுறை மூச்சுமுட்டியிருக்கிறது, தெளிந்திருக்கிறது, பிழைத்ததெல்லாம் திரும்ப வந்திருக்கிறது. அப்புறம் மறுபடியும் முட்டியிருக்கிறது. மச்சானின் கட்டுரையில் இது இல்லை. ஷோனா நினைத்ததிலும் இல்லை. எண்கள் வந்தபோது, "அப்ப ரெண்டு தடவை," என்றார் அவர். "ரெண்டு தடவை," என்றாள் அவள். அவ்வளவுதான் பேசினார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும் அக்கா. சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில் அவள் உட்காருவதில்லை. அவரை அப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. கட்டுரையை அவள்தான் எழுதுகிறாள். கறுப்புப் பட்டை எண்கள் அவருடையவை என்று அவர் பெயரையும் போடுவதாகச் சொல்லிவிட்டாள். அவர் வேண்டாம் என்றார். "உங்க எண் தப்பா இருந்தா யார் தலைல கட்டறது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் கருவியை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது, இருவரும் மேசைமேல் குனிந்து காய்ந்த வெடிப்புகளைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அவரைக் குருடு என்றாள். அவர் அவளை அவசரக்காரி என்றார். சுண்ணாம்புக்கட்டியால் மேசையிலேயே வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தார்கள். ஒரே மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. நான் கதவருகில் நின்றதை இருவரும் பார்க்கவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. சரி மாமா, நன்றி மாமா, மன்னிச்சுக்குங்க மாமா என்று, விருந்துக்கு வந்தவள் மாதிரி. நல்ல பெண் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். "எங்க அவங்க?" என்றாள் மோராக்.

"சண்டை போட்டுட்டிருக்காங்க."

"இன்னுமா?"

"இன்னும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?"

பசி என்றேன். அவள் உடனே தட்டு எடுத்துவைத்தாள். நான் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா, ஒரு வாய்கூட இறங்கவில்லை.

இதை மச்சானிடம் சொல்ல வேண்டாம்.

தங்கள்
ஒரெஸ்ட்